கொழுந்து வண்டி: கோத்தகிரிப் பக்கம் ஒரு 1956 வில்லிஸ் பிக்கப், உங்கள் யோசனை தேவை

சோலைப்பக்கம்

கோத்தகிரிக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தின் கொட்டகையில் பல வருடங்களாக நின்ற வில்லிஸ் பிக்கப் ஒன்றை வாங்கியிருக்கிறேன். ஆர்.சி. புத்தகத்தில் 1956 என்று இருக்கிறது. நான்கு சக்கரமும் இழுக்கும் ஒரு டன் வண்டி, வீல்பேஸ் (முன், பின் ஆக்ஸில்களுக்கு இடையிலான நீளம்) 118 அங்குலம். அமெரிக்காவில் 1947-இல் வெளிவந்த அதே உருவம். எங்கள் பக்கத்தில் இதற்குக் கொழுந்து வண்டி என்று பெயர். எடை போட்ட கொழுந்து மூட்டையைத் தொழிற்சாலையில் சேர்ப்பதே ஆயுள் முழுக்க இதன் வேலை.

சேசிஸ் நேராக இருக்கிறது. மற்றதெல்லாம் கேட்காதீர்கள். முன் மட்கார்டுகளில் துருவின் ஓட்டைகள், கேபினில் தரையே இல்லை, ஸ்பிரிங் பட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. பானெட்டுக்குள் இருப்பது வண்டியின் சொந்த எஞ்சினும் இல்லை. எண்பதுகளில் யாரோ டிராக்டருக்கு வருகிற இன்டர்நேஷனல் டீசல் எஞ்சினைப் பொருத்தியிருக்கிறார்கள். ஆர்.சி.யில் மட்டும் இன்றுவரை பெட்ரோல் என்றே இருக்கிறது.

ஒரு நல்ல செய்தி: பழைய எஃப்-134 பெட்ரோல் எஞ்சினின் பிளாக் அதே கொட்டகையில், காற்றில் கதவு அடிக்காமல் இருக்க முட்டாகக் கிடந்தது. எஞ்சின் எண் ஆர்.சி.யோடு ஒத்துப்போகிறது.

டீசலையே வைத்து ஓட்டுவதா, பெட்ரோலுக்குத் திரும்புவதா? எனக்குப் பெட்ரோல் பக்கம்தான் மனம் சாய்கிறது. ஆனால் என் மனம் இதற்கு முன்பும் பல பக்கம் சாய்ந்திருக்கிறது என்று வீட்டில் சொல்கிறார்கள்.

உக்கடம் ஸ்பேனர்

டீசலைத் தூக்கிப் போடுமுன் கொஞ்சம் பொறுங்கள். அதற்கு வேண்டிய சாமான் எந்த டிராக்டர் கடையிலும் கிடைக்கும். மெக்கானிக்கைத் தேடி அலைய வேண்டாம். வண்டியை நிஜமாகவே ஓட்டப் போகிறீர்கள் என்றால் அதுதான் புத்திசாலித்தனம்.

பெட்ரோல்தான் வேண்டும் என்றாலும் பயமில்லை. மஹிந்திரா தன் சிஜே-3பி ஜீப்பில் இதே எஞ்சினைப் பல்லாண்டு காலம் போட்டது. பிஸ்டன், ரிங், வால்வு, பேரிங் எல்லாம் கோவை உக்கடத்திலோ சென்னை புதுப்பேட்டையிலோ பொறுமையாகத் தேடினால் கிடைக்கும். கிடைக்காதது பாடி சாமான்தான். ஜீப்பின் மட்கார்டு உங்கள் வண்டிக்கு உட்காராது.

தாண்டிக்குடி காப்பி

பெட்ரோல். யோசனையே வேண்டாம். பழனி மலையில் ஜீப் ஓட்டுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்.

பெட்ரோல் எஞ்சினில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் கார்புரேட்டரின் த்ராட்டில் மூடிக்கொள்ளும். பிஸ்டன்கள் காற்றுக் கிடைக்காமல் வெற்றிடத்தை இழுத்துத் திணறும். அந்தத் திணறல்தான் இறக்கத்தில் வண்டியைப் பிடித்து வைக்கிறது. டீசலில் த்ராட்டில் கிடையாது. அழுத்தம் அதிகம், அதனால் டீசல் நன்றாகப் பிடிக்கும் என்று பலரும் நம்புகிறார்கள். ஆனால் அழுத்திய காற்று மறுபடி விரியும்போது பிஸ்டனைத் தள்ளி, வாங்கியதில் பெரும்பங்கைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. பெரிய லாரிகளில் இதற்காகவே தனியாக எக்ஸாஸ்ட் பிரேக் வைக்கிறார்கள்.

கொடைக்கானல் சாலையில் பெருமாள்மலையிலிருந்து வத்தலக்குண்டு இறங்கிப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

எண்பலகை

யாரும் காகிதத்தைப் பற்றிப் பேசவில்லையே. எஞ்சின் விவாதத்தை அதுதான் முடித்துவைக்கும்.

மத்திய அரசு 2021 ஜூலையில் பழம்பெரும் வாகனங்களுக்கென்று மோட்டார் வாகன விதிகளில் தனிப் பிரிவு சேர்த்தது. முதல் பதிவிலிருந்து ஐம்பது ஆண்டு தாண்டிய, வணிகப் பயன்பாட்டில் இல்லாத இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்களுக்கு அது பொருந்தும். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய், சான்று பத்து ஆண்டுக்குச் செல்லும். புதிய பதிவென்றால் எண்ணில் மாநிலக் குறியீட்டை அடுத்து வி.ஏ. என்ற எழுத்துகள் வரும்; ஏற்கனவே பதிவான வண்டிக்குப் பழைய எண்ணே தொடரும்.

நிபந்தனை இதுதான்: வண்டி மூல வடிவிலேயே இருக்க வேண்டும். சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. டிராக்டர் எஞ்சினோடு போய் நின்றால் அங்கேயே கதை முடிந்தது.

இன்னொன்று. இந்தப் பிரிவில் பதிவு செய்தால் அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சி, ராலி, ஆய்வு, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது ஆகியவற்றுக்கு மட்டுமே சாலையில் வரலாம். வாரா வாரம் கொழுந்து ஏற்றுகிற எண்ணம் இருந்தால் இந்த வழியே வேண்டாம். உங்கள் ஆர்.சி.யில் சரக்கு வாகனம் என்று இருக்கிறதா, சொந்த உபயோகம் என்று இருக்கிறதா? அதையும் பாருங்கள். சரக்கு வாகனம் என்றால் எட்டு வயதைத் தாண்டிய பிறகு வருடா வருடம் எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்ட வேண்டும்.

சோலைப்பக்கம்

சொந்த உபயோகம் என்றுதான் இருக்கிறது. தோட்டத்தின் பெயரிலிருந்து என் பெயருக்கு மாற்றும் வேலை நடக்கிறது. கொழுந்து ஏற்றுகிற எண்ணம் இல்லை. என் ஒன்றரை ஏக்கர் கொழுந்துக்கு ஆட்டோவே போதும்.

ஆக, பெட்ரோல்.

உக்கடம் ஸ்பேனர்

சரி, தீர்ப்பு வந்துவிட்டது. பிளாக்கை லேத்துக்கு எடுத்துப்போகும் முன் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இந்த எஞ்சினில் இன்டேக் வால்வு ஹெட்டில் இருக்கும், எக்ஸாஸ்ட் வால்வு பிளாக்கிலேயே இருக்கும். எக்ஸாஸ்ட் சூடு முழுவதையும் பிளாக்தான் வாங்குகிறது. வால்வு சீட்டிலிருந்து சிலிண்டர் சுவர் நோக்கி வெடிப்பு ஓடுவது இதன் குடும்ப வியாதி.

ஏற்றம் இறக்கம்

தம்பி, நான் தோட்டங்களில் வண்டி ஓட்டி ஓய்வுபெற்றவன். வில்லிஸ், பிறகு ஜீப், பிறகு டிராக்டர் என்று எல்லாம் ஓட்டியிருக்கிறேன். எல்லாரும் எஞ்சினைப் பற்றியே பேசுகிறீர்கள். நீலகிரியில் எஞ்சின் நின்றால் யாரும் சாவதில்லை. வண்டியை ஓரங்கட்டி, டீ குடித்துவிட்டு, மெக்கானிக்குக்கு ஆள் அனுப்பலாம். பிரேக்கைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை.

அந்த வண்டியில் ஒரே மாஸ்டர் சிலிண்டர், ஒரே பிரேக் ஆயில் பாதை. எங்காவது ஒரு ஹோஸ் வெடித்தாலும் நான்கு பிரேக்கும் போய்விடும். சரி, ஹேண்ட் பிரேக் இருக்கிறதே என்பீர்கள். அது சக்கரத்தில் இல்லை. முன், பின் ஆக்ஸில்களுக்கு இழுவையைப் பிரித்து அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்புறம் புரோப்பல்லர் ஷாஃப்ட் கிளம்பும் இடத்தில் ஒரு சிறிய டிரம்மில் இருக்கிறது. ஷாஃப்டின் மூட்டான கிராஸ் உடைந்தாலோ ஆக்ஸில் முறிந்தாலோ அந்தப் பிரேக் எதையும் பிடிக்காது. வண்டி ஓடும்போது அதை இழுத்தால் கிராஸையே முறித்துவிடும். நிறுத்தியபின் போடுவதற்கு மட்டும்தான் அது. நிறுத்திய பின்னும் நாங்கள் சக்கரத்துக்குக் கட்டை வைக்காமல் இறங்கமாட்டோம். உங்கள் வண்டியின் சீட்டுக்கு அடியில் தேடிப் பாருங்கள், ஆப்பு வடிவத்தில் ஒரு மரக்கட்டை கிடக்கும்.

அடுத்தது கியர். மூன்று கியர் பெட்டி. இரண்டுக்கும் மூன்றுக்கும்தான் சின்க்ரோ (பற்கள் கடிக்காமல் கியர் விழ உதவும் அமைப்பு) உண்டு, முதல் கியருக்கு இல்லை. இறக்கத்தில் வேகம் பிடித்த பிறகு முதலுக்கு இறக்கலாம் என்று நினைத்தால் பல் கடிக்கும் சத்தம் கேட்கும், கியர் விழாது, கையில் நியூட்ரல் மட்டும் மிஞ்சும். எந்தக் கியரில் இறங்கப் போகிறோம் என்பதை மேட்டிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

முதலில் பிரேக்கைக் கழற்றுங்கள் தம்பி. எஞ்சின் அது பாட்டுக்கு லேத்தில் இருக்கட்டும்.

தாண்டிக்குடி காப்பி

ஐயா சொன்ன கியர் விஷயத்துக்கு ஒரு வழி இருக்கிறது. கணக்கோடு சொல்கிறேன்.

இந்தக் கியர் பெட்டியில் முதல் கியரின் பல் விகிதம் 2.80, இரண்டாவது 1.55, மூன்றாவது நேர் (1.00). ஆக்ஸிலின் விகிதம் 5.38. எண் பெரிதானால் வேகம் குறையும், பிடிப்பு கூடும். டிரான்ஸ்ஃபர் கேஸின் தாழ்ந்த நிலை 2.46. சாதாரண நிலையில் முதல் கியருக்கு மொத்த விகிதம் ஏறத்தாழ 15 வருகிறது. தாழ்ந்த நிலைக்கு மாற்றி மூன்றாவதில் போட்டால் 13 சொச்சம், இரண்டாவதில் போட்டால் 20 சொச்சம். அதாவது தாழ்ந்த நிலையில் இரண்டு, மூன்று என்று சின்க்ரோ உள்ள கியர்களை மட்டும் மாற்றிக்கொண்டே மலையிறங்கலாம். 7.00-16 டயரில் எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றும்போது மூன்றாவதில் 22 கிலோமீட்டர் வேகம் வரும். கொண்டை ஊசி வளைவுக்கு அது சரியான வேகம்.

சிக்கல் என்னவென்றால், இந்த வண்டியில் முன் ஆக்ஸிலைச் சேர்க்காமல் தாழ்ந்த நிலை விழாது. தார்ச்சாலையில் முன்னும் பின்னும் பூட்டிக்கொண்டு வளைந்தால் டயர் தேயும், ஸ்டியரிங் கல்லாகிவிடும், கிராஸ் அடி வாங்கும். முன் சக்கரங்களில் ஃப்ரீ வீல் ஹப் (சக்கரத்தை ஆக்ஸிலிலிருந்து விடுவிக்கும் பூட்டு) பொருத்தி அதைத் திறந்து வைத்துவிட்டால் நெம்புகோல் நான்கு சக்கரத் தாழ்ந்த நிலையில் இருந்தாலும் பின் சக்கரங்கள் மட்டுமே இழுக்கும். முழுப் பாரத்தோடு சேற்றில் இதைச் செய்யாதீர்கள், பின் ஆக்ஸில் தாங்காது. காலி வண்டியில் மலையிறங்க இதைவிட நல்ல வழி இல்லை.

ஏற்றம் இறக்கம்

எங்கள் காலத்தில் ஃப்ரீ வீல் ஹப்பெல்லாம் பார்த்ததில்லை. கணக்கு சரியாகத்தான் இருக்கிறது.

சோலைப்பக்கம்

ஐயா, ஆப்புக்கட்டை கிடந்தது. ஒரு முனை டயர் பட்டுப் பட்டு வழவழப்பாகியிருக்கிறது.

நீங்கள் சொன்னபடி நான்கு டிரம்மையும் கழற்றினேன். பின்பக்க வீல் சிலிண்டர் இரண்டும் துருப்பிடித்து இறுகிவிட்டன. முன்பக்கம் ஒன்றில் பிஸ்டன் அசைகிறது. ஷூவில் லைனிங் ரிவிட் தலை வரைக்கும் தேய்ந்து, டிரம்மில் வரிவரியாகக் கீறல். டிரம்முக்குள் இருந்த தூசியை ஊதித் தள்ளலாமா?

உக்கடம் ஸ்பேனர்

ஊதவே ஊதாதீர்கள்! அந்தக் கால லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். கம்ப்ரஸர் காற்றால் அடித்தால் முழுவதும் உங்கள் நுரையீரலுக்குத்தான் போகும். சோப்புத் தண்ணீர் தெளித்து நனைத்து, ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போட்டுவிடுங்கள். முகக்கவசம் கட்டாயம். மலைப் பட்டறைகளில் இந்தத் தூசியை வாயாலேயே ஊதுவதைப் பார்த்திருக்கிறேன். சொன்னால் சிரிக்கிறார்கள்.

டிரம்மைக் கடைசலில் ஓட்டினால் கீறல் போகும், ஆனால் எவ்வளவு கனம் மிஞ்சுகிறது என்று அளந்து பார்த்துவிட்டுச் செய்யச் சொல்லுங்கள். மெல்லிய டிரம் சூடானால் விரிந்துவிடும், பெடல் தரைக்குப் போகும். ஹோஸ் மூன்றையும் புதிதாகப் போடுங்கள். பழையது பார்க்க நன்றாகவே இருக்கும், உள்ளே ஊதி அடைத்திருக்கும்.

குன்னூர்ச் சாரல்

பிரேக் ஆயிலைப் பற்றி ஒரு வார்த்தை. அது காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும். நம் மலையில் வருடத்தில் பாதி நாள் மூடுபனி. குடித்த ஈரத்தால் ஆயிலின் கொதிநிலை இறங்கிவிடும். இறக்கத்தில் டிரம் காயும்போது உள்ளே ஆவி கட்டி, பெடல் பஞ்சாகிவிடும். சமவெளியில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவதை நாம் வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். செலவு ஒன்றும் பெரிதில்லை.

சோலைப்பக்கம்

பிளாக் பரிசோதனை முடிந்தது. மெல்லிய வெடிப்பைக் காட்டும் கருவி என்னிடம் இல்லை, பழைய முறைதான். வால்வு சீட் பகுதி முழுவதும் மண்ணெண்ணெய் தடவி ஊறவிட்டு, துணியால் நன்றாகத் துடைத்துக் காயவைத்து, சுண்ணாம்புக் கட்டியைப் பொடித்துப் பூசினேன். வெள்ளையாக இருந்த இடத்தில் கொஞ்ச நேரத்தில் மூன்றாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் சீட்டிலிருந்து ஒரு கோடு ஈரமாகத் தெரிய ஆரம்பித்தது. முதலில் பென்சிலால் கிழித்த அளவு, பிறகு கொஞ்சம் தடித்து, ஒரு விரற்கடை நீளத்தில் நின்றுவிட்டது. சிலிண்டர் துவாரத்துக்குள் போகவில்லை. வெல்டிங் வைக்கலாமா?

உக்கடம் ஸ்பேனர்

குடும்ப வியாதி என்று சொன்னேனா இல்லையா!

வார்ப்பிரும்பில் சாதாரண வெல்டிங் வைத்தால் வைத்த இடம் பிடிக்கும், பக்கத்தில் புதிதாக வெடிக்கும். பிளாக் முழுவதையும் அடுப்பில் சூடேற்றி, சூட்டிலேயே வைத்து, மெதுவாக ஆறவிட வேண்டும். அது எல்லாப் பட்டறையிலும் நடக்காது. சூடில்லாமல் தைக்கும் முறை இருக்கிறது: வெடிப்பின் நீளத்துக்கு வரிசையாகத் துளையிட்டு, மரையுள்ள ஆணிகளை ஒன்றையொன்று கடித்தபடி முறுக்கி, மேலே தேய்த்து மட்டம் செய்வார்கள். கோயம்புத்தூரில் பம்ப் தொழில் இருப்பதால் வார்ப்பு வேலை தெரிந்தவர்களுக்குக் குறைவில்லை. தைத்த பிறகு கடினப்படுத்திய சீட் ரிங் இறக்கச் சொல்லுங்கள். அது வெடிப்பின் வாயையும் மூடும்.

சீட் ரிங் எப்படியும் தேவைதான். இந்த எஞ்சின் ஈயம் கலந்த பெட்ரோலுக்கு உருவானது. வால்வுக்கும் சீட்டுக்கும் நடுவில் மெத்தையாக இருந்தது அந்த ஈயம்தான். நம் நாட்டில் 2000-இல் ஈயம் போய்விட்டது. வெறும் வார்ப்பிரும்பு சீட்டில் இன்றைய பெட்ரோலை எரித்தால் வால்வு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே புதைந்துகொண்டே போகும்.

தாண்டிக்குடி காப்பி

பெட்ரோல் என்றதும் ஞாபகம் வந்தது. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்தது. வண்டியின் பெட்ரோல் பம்பிலுள்ள பழைய ரப்பர் டயஃப்ரம் அதில் ஊறி உப்பிப்போகும், ஹோஸ் இளகும். எத்தனால் நீரை இழுக்கும் குணமுள்ளது. வண்டி மாதக்கணக்கில் நின்றால் டேங்கின் அடியில் நீர் பிரிந்து தங்கிவிடும், துரு அங்கிருந்துதான் ஆரம்பம். எத்தனாலுக்குத் தாங்கும் டயஃப்ரமும் ஹோஸும் கேட்டு வாங்குங்கள். நிறுத்தி வைக்கும்போது டேங்கைக் காலி செய்துவிடுங்கள்.

குன்னூர்ச் சாரல்

கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளையான ஜெட்டையும் மாற்ற வேண்டும். உதகை 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கீழே சரியாக இருந்த ஜெட் மேலே வந்தால் பெட்ரோலை அதிகமாகக் கொட்டும், பிளக் கரி கட்டும். புத்தகம் சொல்லும் 72 குதிரைத் திறனில் உதகையில் 58-க்குப் பக்கம்தான் மிஞ்சும். அதை எந்த ஜெட்டாலும் மீட்க முடியாது, மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்.

ரேடியேட்டரையும் மறக்க வேண்டாம். அந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரிக்கு முன்பே கொதித்துவிடும். மூடி சரியாக அழுத்தம் பிடித்தால் கொதிநிலை பத்து டிகிரிக்கு மேல் உயரும். வண்டி சூடாகிறது என்று எஞ்சினைக் கழற்றிய பலருக்கு உண்மையில் வேண்டியிருந்தது ஒரு புதிய ரேடியேட்டர் மூடிதான்.

சோலைப்பக்கம்

பிளாக் கோவையில் தையலுக்குப் போயிருக்கிறது. அதற்குள் பாடி வேலையைத் தொட்டேன். இந்த வண்டியின் வடிவம் எவ்வளவு எளிமையானது என்று பிரித்தபோதுதான் தெரிந்தது. இதை வடிவமைத்தவர் புரூக்ஸ் ஸ்டீவன்ஸ். போர் முடிந்த காலத்தில் கார் பாடி அழுத்தும் ஆலைகள் வில்லிஸ் கம்பெனிக்குக் கிடைக்கவில்லை. வீட்டுச் சாமான்களுக்குத் தகடு அழுத்துகிற இயந்திரத்திலேயே செய்யும்படி ஆழமான வளைவு எதுவும் இல்லாமல் வரைந்திருக்கிறார். அதனால் எங்கள் ஊர் டிங்கரே மட்கார்டை அச்சுப் பிசகாமல் மடித்துக் கொடுத்துவிட்டார். கண்ணாடியும் தட்டையான இரண்டு துண்டு. சாதாரணக் கண்ணாடிக் கடையில் லேமினேட் கண்ணாடியை வெட்டி வாங்கியாயிற்று.

இனிதான் தகராறு. பின்பக்கத் தொட்டியில் கம்பெனி தகடு இல்லை. தோட்டத்துக்காரர்கள் அதை எடுத்துவிட்டு சில்வர் ஓக் பலகை அடித்து, இரண்டு பக்கமும் முக்கால் அங்குல ஜி.ஐ. பைப்பில் பிடிகம்பி வைத்திருக்கிறார்கள். பின்கதவைத் தேய்த்தபோது பச்சைக்கு அடியில் சாம்பல், அதற்கும் அடியில் கையெழுத்தில் வெள்ளைப் பெயிண்ட்: ‘ஆள் ஏற்றக் கூடாது’. அந்த எழுத்துக்கு நேர் மேலே இருக்கும் பிடிகம்பியில் துருவே இல்லை. அவ்வளவு கைகள் பிடித்திருக்கின்றன.

எனக்கு அந்தக் கம்பியையும் எழுத்தையும் எடுக்க மனமில்லை.

எண்பலகை

எடுத்துத்தான் ஆக வேண்டும். மூல வடிவம் என்றால் தொழிற்சாலையிலிருந்து வந்த வடிவம். தோட்டத்தில் பைப் வைத்தது மூல வடிவம் ஆகாது. ஆய்வுக்கு வருகிறவர் கையில் பழைய விளம்பரப் படம் இருந்தால் என்ன பதில் சொல்வீர்கள்?

ஏற்றம் இறக்கம்

பதில் நான் சொல்கிறேன். அந்தத் தகட்டுத் தொட்டி இரண்டு மழைக்காலத்துக்கு மேல் தாங்கியிருக்காது. ஈரக் கொழுந்தின் தண்ணீர் இரவும் பகலும் ஒழுகினால் எந்தத் தகடும் போய்விடும். பலகை அடிக்காமல் இந்த வண்டி இத்தனை காலம் மலையில் பிழைத்திருக்க முடியாது. பிடிகம்பியில் நின்று வந்தவர்கள் பெரும்பாலும் கொழுந்து பறிக்கும் பெண்கள். மழையில் நனைந்துகொண்டு மூட்டை மேல் உட்கார்ந்து வருவார்கள். எழுதியதைப் படிக்கத் தெரிந்தவர்களும் ஏறினார்கள். நானும் ஏற்றினேன். மேலே இருந்து கீழே நடந்தால் ஒன்றரை மணி நேரம்.

தம்பி, கம்பியை எடுக்காதீர்கள்.

தாண்டிக்குடி காப்பி

ஐயா பக்கம்தான் நானும். கோவையில் ஜிடி கார் அருங்காட்சியகத்தில் போய்ப் பளபளக்கிற கார்களைப் பார்த்துவிட்டு வந்தால் மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆனால் அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான வில்லிஸ் பிக்கப்புகளைப் புதுக்கருக்கோடு நிறுத்தியிருக்கிறார்கள். இன்னொன்று அதேபோல் கோத்தகிரியில் எதற்கு?

எண்பலகை

உணர்ச்சி வேறு, விதி வேறு. விதியை நான் எழுதவில்லை.

சோலைப்பக்கம்

சண்டை வேண்டாம். பிடிகம்பி நான்கு யூ போல்ட்டில்தான் நிற்கிறது, பாடியில் பற்றவைக்கவில்லை. கழற்றி மாட்டலாம். பலகையும் அப்படித்தான். ஆகவே சேசிஸிலும் பாடியிலும் மாற்றம் எதுவும் இல்லை என்பது என் வாதம். படங்களோடு உதகை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு, அவர்கள் சொல்வதை இங்கே எழுதுகிறேன். ஆய்வு நாளில் கழற்று என்றால் கழற்றுவேன். மறுநாள் மாட்டுவேன்.

பலகை மட்டும் புதிது. சில்வர் ஓக் உளுத்துவிட்டது. வேங்கை தேடுகிறேன்.

குன்னூர்ச் சாரல்

பெயிண்டை எப்போது அடிப்பதாக உத்தேசம்? வடகிழக்குப் பருவமழை முடியும்வரை தொடாதீர்கள். பழைய காலப் பூச்சு வேண்டுமென்று டக்கோ (தின்னர் ஆவியாகிக் காயும் பழைய வகை பெயிண்ட்) அடிப்பவர்கள் நம் ஊரில் வருடத்துக்கு நான்கு பேராவது என்னிடம் வந்து நிற்கிறார்கள். ஈரக்காற்றில் அடித்தால் தின்னர் ஆவியாகிற குளிர்ச்சியில் மேற்பரப்பில் நீர் படிந்து பால் வெள்ளையாகப் பூத்துவிடும். பிப்ரவரியில், வெயில் ஏறி, பனி விலகிய பத்து மணிக்கு மேல் ஆரம்பித்து மூன்று மணிக்கு முன் முடியுங்கள். தேய்த்த தகட்டை இரவு முழுக்க வெறுமனே விடக்கூடாது. விடிந்தால் செந்நிறம் ஏறியிருக்கும். அன்றே பிரைமர்.

பின்கதவு எழுத்தைச் சுற்றி ஒட்டுப்பட்டை போட்டு மறைத்துவிட்டு மீதியை அடிக்கலாம். எழுத்தின் மேல் நிறமில்லாத வார்னிஷ் ஒரு கோட்டிங் போதும்.

உக்கடம் ஸ்பேனர்

ஒரே மாஸ்டர் சிலிண்டர், ஒரே பாதை என்று ஐயா சொன்ன விஷயம் பாதியில் நிற்கிறது. பிற்கால ஜீப்பின் இரட்டைப் பாதை மாஸ்டர் சிலிண்டரைக் கொஞ்சம் பிராக்கெட் வேலை செய்தால் இதில் உட்கார வைக்கலாம். முன் பிரேக் போனாலும் பின் பிரேக் நிற்கும். எண்பலகை சார், இதற்கும் விதி தடையா?

எண்பலகை

விதி பெயர் சொல்லிக் குறிப்பிடுவது சேசிஸ், பாடி, எஞ்சின். பிரேக்கை அது குறிப்பிடவில்லை. நான் என்றால் இரட்டைதான் போடுவேன். பழைய சிலிண்டரை எண்ணெய் தடவிச் சுற்றிப் பத்திரப்படுத்துங்கள். கேட்டால் காட்டலாம்.

ஏற்றம் இறக்கம்

இன்றைக்குத்தான் எண்பலகை சாரும் நானும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகிறோம்.

சோலைப்பக்கம்

நீண்ட நாளாக எழுதவில்லை, மன்னிக்கவும். தையல் போட்ட பிளாக்கில் தண்ணீர் அழுத்தச் சோதனை செய்தார்கள், கசிவில்லை. பிஸ்டன் முப்பது சைஸ் (அங்குலத்தில் ஆயிரத்தில் முப்பது பங்கு பெரிது), கிராங்க் பத்து அண்டர் (ஆயிரத்தில் பத்து பங்கு தேய்த்துச் சிறிதாக்கியது). இரட்டை மாஸ்டர் சிலிண்டர் பொருத்தி, நான்கு வீல் சிலிண்டரும் புதிது, ஹோஸ் மூன்றும் புதிது. ஃப்ரீ வீல் ஹப் ஒரு பழைய ஜீப்பிலிருந்து கிடைத்தது. மின்சாரம் ஆறு வோல்ட்டாகவே இருக்கிறது. விளக்கு மங்கும், செல்ஃப் சுற்றாது என்று எல்லாரும் பயமுறுத்தினார்கள், தடித்த கேபிளும் சுத்தமான எர்த்தும் கொடுத்ததும் செல்ஃப் மோட்டார் நன்றாகவே சுற்றுகிறது.

வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் படங்களைப் பார்த்தார்கள். கழற்றக்கூடிய பொருத்தமாக இருந்தால் ஆய்வு நாளில் கழற்றிக் கொண்டுவரச் சொன்னார்கள். எழுத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. படித்துவிட்டுச் சிரித்தார்கள்.

தோட்டத்துக்குள் மண்சாலையில் ஓட்டிப் பார்த்தாயிற்று. பெயர் மாற்றமும் தற்காலிக அனுமதியும் கைக்கு வந்ததும் முதல் நீண்ட ஓட்டமாக மேட்டுப்பாளையம் வரை இறங்கலாம் என்று இருக்கிறேன். ஐயா, எங்கே எங்கே நிறுத்திப் பார்க்க வேண்டும்?

ஏற்றம் இறக்கம்

கோத்தகிரி தாண்டி இறக்கம் தொடங்கும் முன்பே தாழ்ந்த நிலைக்கு மாற்றிவிடுங்கள். காலை பிரேக்கிலேயே வைத்துத் தேய்க்கக் கூடாது. அழுத்தி, வேகத்தைக் குறைத்து, விட்டுவிட வேண்டும். பாதி தூரத்தில் அகலமான இடம் பார்த்து ஒருமுறை, குஞ்சப்பனையில் ஒருமுறை நிறுத்துங்கள். இறங்கியதும் கட்டை வையுங்கள். பிறகு நான்கு டிரம்முக்கும் அருகில் புறங்கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அதிகமாகக் காய்ந்தால் அங்கே ஷூ உரசுகிறது. ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அந்த வீல் சிலிண்டர் வேலை செய்யவில்லை, மேற்கொண்டு போகாதீர்கள். வீல் நட்டையும் ஒருமுறை முறுக்கிப் பாருங்கள், புதிதாகப் பெயிண்ட் அடித்த ரிம்மில் நட்டு தளரும்.

முதல் ஓட்டத்தில் பின்னால் ஆள் ஏற்றாதீர்கள்.

சோலைப்பக்கம்

எழுதியே வைத்திருக்கிறதே ஐயா.

தாண்டிக்குடி காப்பி

நான் ஜீப்பில் வந்து பின்னால் வருகிறேன். இழுக்கக் கயிறு, பிரேக் ஆயில், ஸ்பேனர் பெட்டி என்னிடம் இருக்கும். மேட்டுப்பாளையத்தில் டிபன் உங்கள் செலவு.

உக்கடம் ஸ்பேனர்

அப்படியானால் நானும் கீழே வந்து காத்திருக்கிறேன். பழைய டீசல் எஞ்சினை என்ன செய்வதாக உத்தேசம்? என் நண்பர் ஒருவர் பவானிசாகர் பக்கம் கிணற்றுப் பம்புக்குக் கேட்கிறார்.

சோலைப்பக்கம்

வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இப்போது கொட்டகைக் கதவுக்கு அதுதான் முட்டு. மாற்றாக ஒரு நல்ல கல்லும் கொண்டுவரச் சொல்லுங்கள்.